வெங்கர் விஷயத்தில் நீ சொன்னது சரி

ஜூன் 18, 2017

அன்புள்ள கண்ணுக்கு,

மார்ச் மாதம் சாம்பியன்ஸ் லீக்கில் பாயர்ன் மியூனிக் ஆட்டம் முடிந்த ராத்திரி, மேனேஜர் வெங்கர் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லி நீ போனை வைத்ததிலிருந்து, நம் லண்டன் கால்பந்து அணி ஆர்செனலைப் பற்றி நாம் ஒழுங்காகப் பேசவே இல்லை. உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்டுக்கொள்கிறோம், அதோடு சரி. எஃப்ஏ கோப்பை ஜெயித்த அன்றுகூட நீ ஒரு வரி அனுப்பினாய், நானும் ஒரு வரி அனுப்பினேன். நாலு நாள் கழித்து, மே 31 அன்று, வெங்கருக்கு இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் என்று செய்தி வந்தபோது உன்னிடமிருந்து கட்டாயம் திட்டு வரும் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எனக்கு அதுதான் பயமாகப் போய்விட்டது.

அன்று ராத்திரி நான் சொன்னது தப்பு. பாயர்னிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 10-2 என்று தோற்று நிற்கிற நேரத்தில், "நேற்று வந்தவர்கள்தான் மேனேஜரைத் துரத்தச் சொல்வார்கள்" என்று உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. நீ நேற்று வந்தவளா? ஒன்பது வயசிலிருந்து பார்க்கிறாய். "அப்பா, நீங்கள் 2004-ஐ விட்டு வெளியிலேயே வரவில்லை" என்று நீ சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது உண்மை, அதனால்தான் அத்தனை கோபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பழைய நோட்டு ஞாபகம் இருக்கிறதா? நாலாம் வகுப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வெற்றி, டிரா, தோல்வி என்று மூன்று கட்டம் வரைந்து, ஆட்டம் முடிய முடிய எழுதிவந்தாயே, அதைத்தான் சொல்கிறேன். 2003-04 பக்கத்தில் வெற்றி 26, டிரா 12. தோல்விக் கட்டத்துக்கும் தலைப்பு எழுதி, சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போட்டு வைத்தாய், வருஷம் முழுக்க அதில் ஒரு எழுத்து விழவில்லை. கடைசி ஆட்டத்தில் லெஸ்டர் முதலில் கோல் போட்டதும் நீ அழ ஆரம்பித்தாய், நம் ஹென்றி பெனால்டி அடிக்க வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "சொல்லுங்க, சொல்லுங்க" என்றாய், அப்புறம் வியேரா ஜெயிக்கிற கோலை அடித்தது உனக்கே தெரியும். அடுத்த அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்ட் மைதானத்தில், தோற்காமலே வந்த 49 லீக் ஆட்டத்தின் கணக்கு முடிந்தது. அந்தத் தோல்வியைப் பேனாவில் எழுதுவதா பென்சிலில் எழுதுவதா என்று கேட்டாய். பென்சிலில் எழுதினாய். அது இன்னும் லேசாகத் தெரிகிறது.

போன வாரம் அந்த நோட்டை எடுத்து, பின்னால் இருந்த காலிப் பக்கத்தில் இந்த சீசனை எழுதினேன். உனக்குப் பதில் சொல்லத்தான் எழுதினேன். 75 புள்ளி எடுத்தும் ஐந்தாவது இடம், லிவர்பூலுக்கும் நமக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், 75 என்பது மோசமான சீசனா என்று கேட்டு உன் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன். வெற்றி 23, டிரா 6, தோல்வி 9. அந்த ஒன்பதை ஒவ்வொன்றாக எழுதும்போதுதான் கை நின்றது. ஆகஸ்டில் லிவர்பூல், முதல் கோல் நம்முடையது. டிசம்பரில் எவர்டன், அங்கேயும் முதல் கோல் நாம்தான். அதே வாரம் மான்செஸ்டர் சிட்டி, நம் வால்காட் ஆரம்பத்திலேயே கோல் அடித்தும் தோற்றோம். லீக்குக்கு வெளியே, மியூனிக்கிலும் இடைவேளை வரை 1-1, நம் டிஃபென்டர் கோசியெல்னி காயத்தோடு வெளியே போனதும் மொத்த டிஃபென்ஸும் கலைந்துவிட்டது. இது துரதிர்ஷ்டம் இல்லை கண்ணு. 2011-ல் நியூகாசிலில் நாலு கோல் முன்னிலையிலிருந்து 4-4 ஆனபோது பார்த்த அதே நோய்தான், ஆறு வருஷமாக யாரும் மருந்து கொடுக்கவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. செப்டம்பரில் செல்சியை நாம் 3-0 என்று அடித்தோம். நீயும் நானும் அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அந்த அடியை வாங்கிய செல்சி மேனேஜர் கான்டே, இங்கிலாந்துக்கு வந்தே அப்போது சில மாதம்தான் ஆகியிருந்தது, அந்த ஆட்டத்திலேயே மூன்று டிஃபென்டர்கள் என்று மாற்றினார், தொடர்ந்து 13 லீக் ஆட்டம் ஜெயித்து லீக் பட்டத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நம்மவர் அதே மாற்றத்தைச் செய்ய ஏப்ரலில் கிரிஸ்டல் பேலஸிடம் 3-0 என்று தோற்க வேண்டியிருந்தது. செய்ததும் ஆட்டம் மாறியது, எஃப்ஏ கோப்பையும் வந்தது. அப்படியானால் ஏழு மாதம் எதற்காகக் காத்திருந்தார்? ஏன் இன்னும் எதையும் மாற்றவில்லை என்றுதான் நீ மார்ச்சிலேயே கேட்டாய். என்னிடம் பதில் இல்லாததால் உன் வயசைப் பற்றிப் பேசிவிட்டேன்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். 2005-க்கும் 2014-க்கும் நடுவே கோப்பையே இல்லாத அந்த ஒன்பது வருஷத்தை நீ "வீண்" என்றாய். வீண் இல்லை. 38,000 பேர் உட்காரும் ஹைபரியை விட்டு 60,000 பேர் உட்காரும் புது மைதானத்துக்குக் கடன் வாங்கிப் போன அணி அது. ஹென்றி போனார், ஃபாப்ரிகாஸ் போனார், வான் பெர்சி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனார். செல்சியும் சிட்டியும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஆள் ஆளாக விற்றுக்கொண்டே வெங்கர் ஒவ்வொரு வருஷமும் லீக்கில் முதல் நாலு இடத்துக்குள் அணியை நிறுத்தினாரே, அது சின்ன வேலை இல்லை. 1996-ல் ஜப்பானிலிருந்து வந்தபோது அவர் யாரென்றே அங்கே பலருக்குத் தெரியாது. வீரர்களின் சாப்பாட்டை மாற்றினார், பயிற்சியை மாற்றினார், மற்றவர்கள் திரும்பிப் பார்க்காத பிரெஞ்சுப் பையன்களை அழைத்துவந்தார். அப்புறம் அதையெல்லாம் எல்லா அணிகளும் கற்றுக்கொண்டுவிட்டன. அதற்கு மேல் புதிதாக அவரிடம் எதுவும் வரவில்லை, அங்கேதான் நீ சரி.

கோபத்தை அவர் மேல் மட்டும் கொட்டாதே என்றும் சொல்ல வேண்டும். சாம்பியன்ஸ் லீக்கில் தொடர்ந்து ஏழு வருஷம் அதே 16 அணிகள் சுற்றில் வெளியே வந்தோம். மேலே உட்கார்ந்திருக்கிற யாராவது ஒரு தடவையாவது அவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார்களா? அணியின் முதலாளி குரோன்கேவுக்கு, சாம்பியன்ஸ் லீக்கில் ஆட வைக்கும் நாலாவது இடமும் அதில் வரும் பணமும் போதுமாக இருந்தது. நம் முக்கிய ஆட்டக்காரர்கள் சான்செஸ், ஓசில் இரண்டு பேருக்கும் இன்னும் ஒரே வருஷம்தான் ஒப்பந்தம் மிச்சம். அதை இந்த நிலைமை வரை விட்டது ஒரு ஆள் தப்பா?

வெஸ்ட் பிராம் ஆட்டத்தன்று வானத்தில் இரண்டு விமானம் பறந்ததே, ஒன்று அவரைப் போகச் சொல்லி, இன்னொன்று அவரை நம்புகிறோம் என்று. நம் வீட்டையே மேலே எழுதி ஒட்டின மாதிரி இருந்தது எனக்கு. கீழே அந்த மனுஷன் நீளமான கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். 67 வயசு. அவரைப் பார்த்தபோது எனக்கு ஆட்டம் ஞாபகம் வரவில்லை, நீ தலையணையில் முகம் புதைத்திருந்ததுதான் ஞாபகம் வந்தது. நான் அவரை இத்தனை வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது. நீ பள்ளிக்கூடம் மாறினாய், கல்லூரிக்குப் போனாய், அப்புறம் இந்த வீட்டிலிருந்தே போய்விட்டாய். டிவியில் அந்த இடத்தில் நிற்கிற ஆள் மட்டும் மாறவில்லை. அவரும் போய்விட்டால் அந்த நாட்களில் மிச்சம் என்ன இருக்கிறது என்று ஒரு பயம். அதை உன்னிடம் சொல்லத் தெரியாமல் புள்ளிக் கணக்கு பேசினேன்.

மே 27 அன்று, செல்சியோடு நடந்த எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில், நம் ராம்சி தலையால் முட்டி இரண்டாவது கோல் போட்டதும், கிட்டத்தட்ட வருஷம் முழுக்க ஆடாமல் இருந்த மெர்ட்டசாக்கர் அந்த டிஃபென்ஸைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதும் பார்த்தேன். வெங்கர் தன் ஏழாவது எஃப்ஏ கோப்பையைத் தூக்கினார், வேறு எந்த மேனேஜருக்கும் அத்தனை இல்லை. அப்படியே அங்கேயே கையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். மைதானமே எழுந்து நின்றிருக்கும், திட்டினவர்கள்கூட. இது என் வாயிலிருந்து வரும் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். போயிருக்க வேண்டும், கண்ணு. இந்த இரண்டு வருஷத்தில் அவர் பெயருக்கு நல்லது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவிடம், அடுத்த சீசன் பார்க்கப் போவதில்லை என்று நீ சொன்னாயாம். சாம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைக்காமல் வியாழக்கிழமை ராத்திரி யூரோப்பா லீக்கில் ஆடுவதைப் பார்க்க மனசு வராது, புரிகிறது. அவர் மேல் கோபம் இருக்கட்டும், ஆட்டத்தை மட்டும் விட்டுவிடாதே. அட்டவணை வந்துவிட்டது. ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை, முதல் ஆட்டம் லெஸ்டரோடு. ஆரம்பிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் கூப்பிடுகிறேன், நீ முழு ஆட்டமும் திட்டலாம், நான் குறுக்கே பேச மாட்டேன். நோட்டில் புதுப் பக்கத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா