நாங்களும் வெண்டனாங்கள்: மாணவிகளின் விளையாட்டுச் செய்திகள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த தவணையில் ஒரு திங்கட்கிழமைக் காலைப் பிரார்த்தனையின்போது, வலயமட்ட உதைபந்தாட்டப் போட்டியில் எமது ஆண்கள் அணி வெற்றிபெற்றதை நான் மேடையில் அறிவித்து, அணித்தலைவரை அழைத்துக் கைகுலுக்கிப் பாராட்டினேன். பிரார்த்தனை முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பியபோது வாசலில் காத்திருந்த வலைப்பந்தாட்ட அணி மாணவி ஒருவர், “சேர், நாங்களும் வெண்டனாங்கள்” என்றார். அந்த முடிவு எனது மேசையில்தான் இருந்தது. அதை நான் வாசித்தும் இருந்தேன். ஆயினும் மேடையில் சொல்ல வேண்டிய செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அந்த அணியினரை மேடைக்கு அழைத்துப் பாராட்டினேன் என்றாலும், ஒரு நாள் பிந்திய பாராட்டு அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அறிவேன். அதற்காக அவர்களிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் எமது ஆண்டு மலர்களையும் முகநூல் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். மாணவர்களின் ஆட்டங்களுக்கு கோல் அடித்தவரின் பெயர், ஆட்டத்தின் போக்கு, பயிற்றுநரின் கருத்து என எல்லாம் எழுதப்பட்டிருந்தன. மாணவிகளின் வெற்றிகளுக்கோ வரிசையாக நிற்கும் ஒரு குழுப்படமும் “வாழ்த்துக்கள்” என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருந்தன, சிலவற்றில் பெயர்கள்கூட இல்லை. பெரிய பத்திரிகைகளையும் தொலைக்காட்சிகளையும் குறைசொல்லும் முன், எங்கள் கையில் உள்ள சிறிய ஊடகத்தை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

உலகளவிலும் நிலைமை வேறில்லை. விளையாட்டில் ஈடுபடுவோரில் சுமார் 40 சதவீதத்தினர் பெண்களாக இருந்தும், விளையாட்டுச் செய்திகளில் ஏறத்தாழ 4 சதவீதமே அவர்களைப் பற்றியது என யுனெஸ்கோ 2018இல் சுட்டிக்காட்டியது. செய்தி இல்லாத ஆட்டத்துக்கு அனுசரணையாளர் வருவதில்லை. அனுசரணை இல்லாவிட்டால் போட்டிகள் குறைகின்றன. போட்டிகள் குறைந்தால், எழுத எதுவும் இல்லை என்று செய்தியாளர் சொல்லிவிடுகிறார்.

எழுதாமல் விடுவதைப் போலவே, தவறாக எழுதுவதும் எவ்வளவு காலம் நின்று கெடுக்கும் என்பதற்கு 1928ஆம் ஆண்டைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மெய்வல்லுநர் போட்டிகள் முதன்முறையாக ஆம்ஸ்டர்டாமில் நடந்தபோது, 800 மீற்றர் இறுதியோட்டத்தில் ஒன்பது பேர் ஓடினர், ஒன்பது பேரும் ஓடி முடித்தனர். ஜேர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையுடன் வென்றார். பத்திரிகைகள் பலவோ, பெண்கள் மயங்கி விழுந்தார்கள், ஓட முடியாமல் விலகினார்கள் என்றெல்லாம் எழுதின. அந்த ஓட்டம் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டு, 1960இல் ரோமில்தான் மீண்டும் இடம்பெற்றது. ஓடக்கூடிய எத்தனை பெண்கள் இடைப்பட்ட 32 ஆண்டுகளில் அந்த வாய்ப்பு இல்லாமலே வயதாகியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது.

எமது நாட்டுக்கு வருவோம். இலங்கை இதுவரை பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே. 1948இல் டங்கன் வைட் பெற்றது ஒன்று, 2000ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் பெற்றது மற்றது. 1996இல் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற கதையை எங்கள் பிள்ளைகள் பிறக்கும் முன்பே நடந்ததாயினும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2017 மகளிர் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை எடுத்த 257 ஓட்டங்களில் 178 ஓட்டங்களைச் சமரி அத்தபத்து ஒருவரே ஆட்டமிழக்காமல் எடுத்ததை எத்தனை பேர் அறிவர்? 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று மகளிர் ஆசியக் கிண்ணத்தைப் பெற்றதும் அவரது தலைமையிலான அணியே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவரது உயரத்தையே பேசுகிறார்கள். இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியனான 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வளையத்தின் கீழ் நின்று அவர் ஆடிய ஆட்டத்தை விவரித்து எழுதியவர்கள் குறைவு.

இதன் விளைவை நான் வகுப்பறையில் காண்கிறேன். பத்தாம் தரம் வந்ததும் மாணவிகள் ஒவ்வொருவராகப் பயிற்சியிலிருந்து நின்றுவிடுகிறார்கள். சாதாரணதரப் பரீட்சை, பிரத்தியேக வகுப்பு, வெயிலில் கறுத்துவிடுவாள் என்ற கவலை எனக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அதே பரீட்சையை எழுதும் அவர்களது சகோதரர்கள் மாலையில் மைதானத்தில்தான் இருக்கிறார்கள். தன்னைப் போன்ற ஒருத்தியின் ஆட்டத்தை ஒருபோதும் செய்தியாகப் பார்த்திராத பிள்ளை, அதை விட்டுவிடுவதைப் பெரிய இழப்பாக எண்ணாமல் இருப்பதில் வியப்பில்லை.

ஆகவே இத்தவணை முதல், காலைப் பிரார்த்தனையிலும் அறிவித்தல் பலகையிலும் முகநூல் பக்கத்திலும் மாணவிகளின் போட்டி முடிவுகள், மாணவர்களுடையவற்றைப் போலவே பெயர், புள்ளி, நேரம், தூரம் ஆகியவற்றுடன் அதே நாளில் வெளியிடப்படும். இதை எழுதுவதற்கு ஊடகக் கழக மாணவர்கள் இருபாலாரிலிருந்தும் நியமிக்கப்பட்டுள்ளனர்.

மகளின் படம் முகநூலில் வருவதைச் சில பெற்றோர் விரும்புவதில்லை என்பதை நான் அறிவேன், அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படமும் வெளியிடப்படமாட்டாது. ஆனால் படம் இல்லாவிட்டாலும் பெயரும் பெறுபேறும் பாடசாலையின் பதிவில் இருப்பதற்கு இடமளிக்குமாறு வேண்டுகிறேன். முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து விளையாட விரும்பும் மாணவிகளுக்கு எத்தடையும் இல்லை.

வலைப்பந்தாட்ட இறுதிப்போட்டி வழமையாக, பெற்றோர் வந்துசேரும் முன் காலையிலேயே முடிந்துவிடும். இம்முறை இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று பிற்பகல், பரிசளிப்புக்குச் சற்று முன் அது நடைபெறும். ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்க்கப் போகும் தந்தையரும் அண்ணன்மாரும் அன்று அரை மணிநேரம் தங்கிப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தை நிரப்பி, எதிர்வரும் புதன்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கவும்.

இவ்வண்ணம்,
அதிபர்