முன்னாள் தலைவர்களையும் கூப்பிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடித்தள மக்கள் தலைவர்களுக்கான ஃபெல்லோஷிப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஓராண்டுப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, நல்ல காரியம்தான். ஆனால் 'வளர்ந்துவரும் தலைவர்களை'த் தேடுகிறார்களாம். வளர்ந்து, பதவிக்காலம் முடிந்து, வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அந்த வகை. அதனால்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சிக்கு 2020 ஜனவரி 6 முதல் 2025 ஜனவரி 5 வரை தலைவராக இருந்தேன். பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கிய ஊராட்சி. படிப்பு எட்டாம் வகுப்பு. பெண்களுக்கான இடஒதுக்கீட்டை 2016இல் 50 சதவீதம் ஆக்கிய பிறகு நடந்த முதல் தேர்தலில் வந்தவர்கள் நாங்கள். பதவியேற்ற மூன்றாம் மாதமே ஊரடங்கு. அதையும் சமாளித்தோம். ஐந்து வருடம் முடிந்த மறுநாள் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். நாங்கள் சாவியையும் பதிவேடுகளையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். கற்றுக்கொண்டதை யாரிடம் ஒப்படைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

பயிற்சி எங்களுக்கும் கொடுத்தார்கள். பெரிய திரை, அதில் படம், 'ஒரு நல்ல தலைவரின் ஐந்து பண்புகள்'. தன்னம்பிக்கையாகப் பேசச் சொல்லி ஒவ்வொருவர் கையிலும் மைக்கைக் கொடுத்தார்கள். மதியம் பிரியாணி. எனக்கு அன்று தெரிய வேண்டியிருந்தது வேறு. ஊராட்சியின் ஒன்றாம் எண் வங்கிக் கணக்கு எதற்கு, கரண்டு பில்லும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுவதும் ஏன் இரண்டாம் எண் கணக்கிலிருந்து போகிறது, ஓவர்சீயர் எம்-புக்கில், அதாவது வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில், எழுதிய அளவு சரியா என்று நானே எப்படிப் பார்ப்பது? இதையெல்லாம் கேட்டால், "செயலர் பாத்துக்குவாரும்மா" என்றார் வந்தவர்.

எனக்குப் பாடம் நடத்தியவர் பக்கத்து ஊராட்சியின் பழைய தலைவரம்மா. இடம் பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்ச். என் துணைத்தலைவர் காசோலையில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்த நேரம் அது. இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் வெளியே வரும். டேங்க் ஆபரேட்டருக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோயிருந்தது. அவர் கோபித்துக்கொண்டு மோட்டார் போடாவிட்டால் குடத்தோடு ஊர் என் வாசலுக்குத்தான் வரும். அந்த அம்மா என் பையிலிருந்த தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"இது என்னத்தா, எழுதி முடிச்சுட்டு கீழ நாலு வரி சும்மா விட்டுருக்க? அந்த எடத்துல நாளைக்கு இன்னொரு தீர்மானம் மொளைக்கும். கடைசி வரிக்குக் கீழ குறுக்க கோடு போடு, அப்புறம் கையெழுத்து வாங்கு. அவரு கையெழுத்து போடலைன்னா வாய்ல சண்ட போடாத. ஒன்றிய ஆபீஸ்ல பி.டி.ஓ.வுக்கு எழுத்துல குடு. குடுத்தா மட்டும் பத்தாது, நகல்ல ஆபீஸ் சீல் வாங்கிட்டு வா."

சீல் வைத்த நகலைக் கொண்டுவந்து காட்டிய மூன்றாம் நாள் துணைத்தலைவர் கையெழுத்துப் போட்டார். 205 என்ற எண்ணைச் சொல்லிச் சிலர் என்னை மிரட்டியபோதும் அந்த அம்மாதான் ஊராட்சிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று விளக்கினார். ஆட்சியர் தலைவரைப் பதவிநீக்கம் செய்ய முடியும், ஆனால் முதலில் நம்மிடம் விளக்கம் கேட்டாக வேண்டும், நினைத்த மாத்திரத்தில் நடக்காது என்றார். அன்று இரவுதான் தூக்கம் வந்தது. அவர் எனக்குக் கொடுத்த நேரத்துக்கு யாரும் ஒரு ரூபாய் தரவில்லை. நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டமும் கணக்கும் மட்டும் போதாது என்பதும் உண்மை. பட்டியலினத் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று தடையில்லாமல் கொடியேற்ற வழி செய்யுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கொடிக்கம்பத்தின் கீழே தனியாக நின்றவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று, அங்கே முன்பு நின்ற இன்னொருத்திக்குத்தான் தெரியும்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1991இல் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தபோது பாடம் சொல்லிக்கொடுத்தது ஊர்ப் பிள்ளைகள்தான், சம்பளம் கிடையாது. படித்த பெண் அடுத்த பெண்ணை உட்காரவைத்தாள். சைக்கிளும் அப்படித்தான் பரவியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, என் அம்மா ஜென்ட்ஸ் சைக்கிளில் பழகினார். அதன் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துக்கொண்டு போவார். அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அதற்கு முந்தைய வாரம்தான் கற்றுக்கொண்டவர்!

போன வருடம் வேறோர் அமைப்பின் ஃபெல்லோஷிப்புக்கு நானும் விண்ணப்பித்தேன். (ஊரில் "என்னக்கா, ஸ்காலர்ஷிப்பா?" என்றார்கள். இந்த வயதில் ஸ்காலர்ஷிப்.) படிவம் முழுக்க ஆங்கிலம். உங்கள் தலைமைப் பயணத்தை 300 வார்த்தைகளில் எழுதுக, இரண்டு நிமிட வீடியோ இணைக்க. இ-சேவை மையத்தில் இருந்த பெண் எனக்காக எழுதினாள். எழுதியதை மறுபடி தமிழில் சொல்லச் சொன்னேன். ரொம்ப நல்ல பெண்மணி ஒருத்தி அதில் இருந்தாள், நான் இல்லை. தீர்மானப் புத்தகமும் இல்லை, டேங்க் ஆபரேட்டரும் இல்லை. இடம் கிடைக்கவில்லை. கிடைக்காத வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்று நினைத்தாலும் சரி, கொஞ்சம் அதுவும்தான்.

படித்த இளைஞர்களுக்கு இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் பட்டதாரிகளுக்கானது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் 'அடித்தளம்' என்று பெயர் வைத்துவிட்டு ஆங்கிலப் படிவம் கொடுப்பது என்ன நியாயம்? ஃபெல்லோஷிப் நடத்துகிறவர்களே, ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து அரை மணி நேரம் எங்களோடு பேசுங்கள். பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். யார் வேலை பார்த்தார்கள் என்று தானாகத் தெரியும்.

நான் கேட்பது இதுதான். அடுத்த ஊராட்சித் தேர்தலில் புதிதாக வருகிற ஒவ்வொரு பெண் தலைவருக்கும் பக்கத்து ஊராட்சியின் முன்னாள் தலைவி ஒருவரை ஓராண்டுக்குத் துணையாகப் போடுங்கள். முதல் கிராமசபைக்கு முன்னால் ஒருநாள், முதல் தணிக்கைக்கு முன்னால் ஒருநாள், நடுவில் போன். துணைக்கு வருகிறவருக்கு, விடுகிற கூலியையும் பஸ் காசையும் ஈடுகட்டுகிற தொகை கொடுங்கள். கைக்குழந்தைக்காரி வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வீட்டுக்காரர்களை வெளியே டீக்கடையில் உட்காரவையுங்கள். இதற்கு நட்சத்திர ஓட்டல் தேவையில்லை. கட்டுரையில் போட்டிருந்த மலைவாசத்தலப் படம் அழகாக இருந்தது, ஆனால் நான்கு நாள் வீட்டை விட்டுப் போவதற்குள் ஆட்டை யாரிடம் விடுவது என்பதே எங்களுக்குப் பெரிய கணக்கு.

இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் ஊராட்சி பொதுவாகிவிட்டால் நாங்கள் யாரும் திரும்ப நிற்கப்போவதில்லை. நிற்கவும் விடமாட்டார்கள். பதவி ஆசையில் கேட்கிறோம் என்று எண்ண வேண்டாம்.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதி கட்டுரையில் இருக்கிறது. தமிழில் படிவம் உண்டா, எட்டாம் வகுப்பு படித்தவர்களை எடுப்பார்களா என்பது இல்லை. ஃபெல்லோஷிப் நடத்துகிறவர்களிடம் விசாரித்து அடுத்த இதழில் போடுங்கள். எங்கள் ஒன்றியத்தில் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பாடம் சொன்ன அம்மாவையும் சேர்த்தால் ஐந்து.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.