ஒரு கையால் நகரும் மூடி

பிளைமவுத், மே மாதம்

அன்பு நண்பா,

உன் மகளுக்குத் திருமணம் நிச்சயமான செய்தியைப் படித்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். ஆவணியில் கட்டாயம் வருகிறோம். பதில் எழுதத் தாமதமானதற்குப் படகுதான் காரணம்.

கேபினுக்குள் இறங்கும் வாசலின் மேல் ஒரு நகரும் மூடி உண்டு. அது ஓடுவதற்கு இரு பக்கமும் தேக்குச் சட்டங்கள். 1978இல் கட்டிய படகு, சட்டங்களும் அன்றையவைதான். பாய்மரத்தருகே போகிறவர்கள் மூடியை மிதித்தே போவார்கள். இடுக்கில் சேரும் மணல் அரம்போல் அராவும். இடப்பக்கச் சட்டம் நான்கு மில்லிமீட்டர் தேய்ந்து, மூடி கோணலாகி, சென்ற செப்டம்பரில் ஒரு மழையிரவில் இறுகிக்கொண்டது. உள்ளே என் மனைவி. வெளியே சுக்கானை விட முடியாமல் நான். தோளால் முட்டித் திறந்துவிட்டாள். அந்த அரை நிமிடம் இன்னும் என்னை விடவில்லை.

1979இல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயம் இந்த ஊரில்தான் முடிய வேண்டியிருந்தது. புறப்பட்டவை 303 படகுகள். புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். சில படகுகளில் வாசலை அடைக்கும் பலகைகள் கழன்றுபோய், அந்த வழியாகவே கடல் உள்ளே புகுந்தது. வாசல் சரியாக அடைபடவும் வேண்டும், நினைத்த கணத்தில் திறக்கவும் வேண்டும்.

மூடியை எடுக்க, அது முன்னால் போய் ஒதுங்கும் கூண்டை முதலில் கழற்ற வேண்டும். அதன் ஓரத்துப் பழைய பசையை அறுக்கவே ஒரு நாள் ஆயிற்று. திருகாணித் துளைகளைக் குடைந்தபோது கறுத்த ஈரத்தூள் வந்தது. மேல்தளத்தின் இரு படலங்களுக்கு நடுவே வைத்திருக்கும் பால்சா என்ற லேசான மரம்வரை நீர் இறங்கியிருக்கிறது. உளுத்ததைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, எபாக்ஸிப் பிசினால் அடைத்து, அதிலேயே புதுத் துளையிட்டேன்.

புதுச் சட்டம் தேக்கில் இல்லை, பாலிதீன் பட்டை. உன் அப்பா கோபித்துக்கொள்வார். ஆனால் அது நீரில் ஊறாது, எண்ணெய் கேட்காது, மணலையும் தாங்கி வழுக்கும். ஒரே சிக்கல், சூட்டில் நீளும். முதலில் எல்லாத் திருகாணிகளையும் இறுக்கிவிட்டேன். வெயில் ஏறியதும் பட்டை நெளிந்தது. மறுபடி கழற்றி, நடுத்துளையை மட்டும் அப்படியே விட்டு, மற்றவற்றை நீளவாக்கில் அகலப்படுத்தினேன். இப்போது பட்டை இருபுறமும் தாராளமாக நீள்கிறது.

நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, மனைவி உள்ளிருந்து ஒரு கையால் தள்ளிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் போயிற்று.

வலப்பக்கத்துப் பழைய சட்டம் இன்னும் நேராக இருக்கிறது. வரும்போது கொண்டு வருகிறேன். எந்த ஊர்த் தேக்கு என்று அப்பா பார்த்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்