ஆண்டறிக்கை: கடைகளில் மெட்ரிக் அளவு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956-லேயே மெட்ரிக் எடையளவுச் சட்டமும் வந்தது. ராத்தல், துலாம் என்ற பழைய எடைகள் கடையை விட்டுப் போய்ப் பல காலமாகிறது. இன்று தராசு கிலோவில் இருக்கிறது, விலை மட்டும் கூறிலும் முழத்திலும் அடியிலும் சொல்லப்படுகிறது. 2011 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விலையும் மெட்ரிக்கில்தான் சொல்லப்பட வேண்டும். எண்ணிக்கைக்குத் தடையில்லை, தேங்காயை எண்ணியே விற்கலாம். எனவே இவ்வாண்டு விலைப்பலகையைத்தான் கையிலெடுத்தோம்.

மீன்கடையில் சிக்கல் அதிகம். கூறு போட்டு விற்றால் இரண்டு கடை விலையை ஒப்பிட வழியில்லை. கிலோவுக்கு மாறினால் வேறு தகராறுகள் வரும். காலித் தட்டை வைத்து, அதன் எடையைக் கழிக்கும் ‘டேர்’ பொத்தானை அழுத்திய பிறகே மீனை வைக்க வேண்டும். தட்டை எடுத்தால் திரையில் கழித்தல் குறியோடு எண் வரும், அது பழுதல்ல. அழுத்திய பின் கனமான வேறு தட்டை மாற்றினால், கூடுதல் கனத்துக்கும் வாங்குபவர் காசு கொடுக்கிறார். விலை வெட்டுவதற்கு முன்புள்ள எடைக்கா, சுத்தம் செய்த பின்னுள்ள எடைக்கா என்பதைப் பலகையில் எழுதினால் பாதிச் சண்டை ஓயும். தட்டுக்கு அடியில் மீன்தண்ணீர் தேங்கினாலும், மேலே மின்விசிறி சுழன்றாலும் எண் நிலைக்காது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறையும், படிக்கற்களுக்கு இரண்டாண்டுக்கொரு முறையும் முத்திரை கட்டாயம். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு.

தோவாளைச் சந்தையில் பூ கிலோவில் கைமாறுகிறது. தெருமுனைக்கு வரும்போது முழமாகிவிடுகிறது. முழம் விற்பவர் கையின் நீளம். மேசை விளிம்பில் 50 செ.மீ. கோடு போடுவது எளிது, ஆனால் நெருக்கிக் கட்டிய சரமும் இளக்கிக் கட்டிய சரமும் ஒரே நீளம்தான். உதிரிப்பூவை 100 கிராம் கணக்கில் வாங்குவதே சரி. தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே நிறுக்கச் சொல்லுங்கள்.

செக்கு எண்ணெய்க் கடைகளில் கிலோவையும் லிட்டரையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 915 கிராம்தான் இருக்கும். கிலோ 400 ரூபாய் என்றால் லிட்டர் ஏறத்தாழ 366 ரூபாய். எந்த அளவுக்கு அந்த விலை என்று கேட்டுவிட்டே பாத்திரத்தை நீட்ட வேண்டும்.

கன அடியைக் கனமீட்டராக மாற்ற மரக்கடைக்குக் கொடுத்த அட்டையில் ஒரு திருத்தம். அறுத்த மரத்துக்கு ஒரு கனமீட்டர் 35.3 கன அடி. உருட்டு மரத்தை அப்படி மாற்றக்கூடாது. அங்கே சுற்றளவில் கால் பங்கைத் தன்னோடு பெருக்கி நீளத்தாலும் பெருக்குகிறார்கள்; உண்மைக் கன அளவைவிட இது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் குறையும். ஆகவே அந்தக் கணக்கில் ஒரு கனமீட்டர் 27.7 கன அடி. பழைய அட்டை வைத்திருப்போர் இந்த எண்ணைக் கையால் எழுதிக்கொள்ளவும்.

எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். ஈரமணல் உப்பி அதிக இடம் அடைக்கும் என்பதால், லாரியில் அளக்கும்போது ஈரத்தையும் பார்க்க வேண்டும். நில அளவான சென்ட் (40.47 ச.மீ.) கடைச் சரக்குக்கானதல்ல என்பதால் இவ்வாண்டு தொடவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்