பலகை வழுக்கினால் குற்றம் நடந்தவர் மீதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஊருணிக் கரையின் மரப்பலகை நடைபாதையில், மழைக்குப் பின் பலர் வழுக்கி விழுந்ததாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தி வந்ததே பெரிது. ஆனால் "பொதுமக்கள் கவனமாக நடந்தால் இத்தகைய விபத்துகளைத் தவிர்க்கலாம்" என்று அதிகாரி ஒருவர் அருளிய உபதேசத்தை, மறுகேள்வி ஒன்றும் இல்லாமல் கடைசி வரியாக அச்சேற்றியிருக்கிறீர்கள். விழுந்தவர்களில் என் மனைவியும் ஒருவர். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லாததால் கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு இருக்கும் அவரிடம் அந்த வரியை நான் படித்துக் காட்டவில்லை.

நெடுங்காலம் மரக்கடை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆளைத் தள்ளுவது பெரும்பாலும் மரமல்ல; அதன்மேல் படர்ந்த பாசியும், ஊறிய சருகும், பறவை எச்சமும்தான். ஆலமரத்தடியில் வெயில் படாத பலகையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பச்சையாக வழவழவென்று கையோடு வரும். தண்ணீர் வடிவதற்காக விட்ட இடுக்குகளில் மண் அடைத்துக் கிடக்கிறது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் மேலுள்ள சிறு பாலத்தின் சரிவிலோ, பலகைகளை நடக்கும் திசையிலேயே நீளவாக்கில் போட்டிருக்கிறார்கள். குறுக்காகப் போட்டிருந்தால் விளிம்புகளிலாவது கால் பிடித்திருக்கும். போதாததற்குத் திறப்பு விழாவுக்கு முன் வார்னிஷ் வேறு பூசினார்கள். படத்தில் பளபளவென்று அழகாகவே இருந்தது. தாங்களும் வண்ணத்தில் வெளியிட்டீர்கள்.

"பர்மா தேக்குத் தூண்கள் நூறு வருஷம் நிற்கவில்லையா, இதற்கென்ன பராமரிப்பு?" என்று ஒப்பந்ததாரர் என்னிடமே கேட்டார். அந்தத் தூண்கள் கூரைக்கு அடியில் நிற்பவை. மழை நேரே விழும் முற்றத்துக்கு நம் முன்னோர் உளியால் கொத்திய கருங்கல்லைப் போட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்குச் சிறப்புப் பக்கங்கள் ஒதுக்கும் தங்களுக்கு இது தெரியாததல்ல.

பேருந்து நிலையத் தரையில் வழுக்கும் டைல்ஸ் பதித்தபோதும், படித்துறைக் கைப்பிடிக் கம்பி காணாமற்போனபோதும் தங்களுக்கு எழுதினேன். முதல் கடிதம் வெளிவரவில்லை. இரண்டாவதில் கோரிக்கையை மட்டும் வெட்டிவிட்டு வாழ்த்துகளை வெளியிட்டீர்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தபோது அது பெரிய செய்தியாயிற்று, பழுதும் பார்த்தார்கள். எங்கள் பலகைக்குப் புயல் வேண்டியதில்லை, ஒரு தூறல் போதும் என்பதால் மதிப்புக் குறைவு போலும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வார்னிஷைச் சுரண்டியெடுத்து, விறைப்பான பிரஷ்ஷால் மரத்தின் ரேகை வாக்கில் பாசியைத் தேய்த்துக் கழுவி, இடுக்குகளைத் தூர்வாரி, கவிந்த கிளைகளைக் கழித்து, சரிவில் சொரசொரப்பான பட்டைகளைக் குறுக்காகப் பதிக்க வேண்டும். கம்பிவலை அடிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். துருப்பிடித்துப் பிய்ந்தால் அதுவே காலை இடறும். மோட்டார் வைத்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் மரநார் பிசிறிப் பாசிக்கு மேலும் இடம் கொடுக்கும்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: ஐப்பசி மழைக்கு முன் அந்த அதிகாரியைத் தங்கள் நிருபர் மறுபடி சந்தித்து, பலகைகளைக் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினார்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் தேதியை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மர வியாபாரி,
காரைக்குடி வட்டாரம்.