பூட்டிக் என்பது எந்தக் கடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்திலும் வார இணைப்பிலும் ‘பொட்டிக்’, ‘பூட்டிக்’, ‘பொட்டீக்’ என மூன்று விதமாக அச்சாகிவரும் சொல்லைப் பற்றி எழுதுகிறேன். எழுத்து வேறுபாட்டைக் காட்டிலும் என்னைக் கவலைகொள்ளச் செய்வது, அச்சொல் ஒரு செய்தியில் விலை உயர்ந்த ஆடையகத்தையும், இன்னொன்றில் தையல் நிலையத்தையும், வேறொன்றில் பெரிய துணிக்கடையின் ஒரு பகுதியையும் குறித்து வருவதாகும்.

பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குச் சிறிய கடை என்பதே பொருள். அதில் ஆடம்பரத்தின் சாயல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அருங்காட்சியகத்தில் அஞ்சலட்டைகளும் புத்தகங்களும் விற்கும் இடமும் அவர்களுக்குப் பூட்டிக்தான். இணையக் கடையையும் அப்படியே அழைக்கிறார்கள். தொழிலைக் கைவிட்டவரைக் ‘கடையை மூடிவிட்டார்’ என்று நாம் சொல்வதற்கு நிகராக, அவர்களிடம் பூட்டிக்கை மூடுவது என்ற வழக்கும் உண்டு. இதன் வேர், பண்டகசாலையைக் குறித்த ‘அப்போதேக்கே’ என்ற கிரேக்கச் சொல். அது லத்தீன் வழியாகப் பல மொழிகளுக்குப் பரவி, ஜெர்மனில் மருந்துக்கடையாகவும், இத்தாலியில் கைவினைஞரின் பட்டறையாகவும், ஸ்பானிய மொழியில் மதுக்கிடங்காகவும் நிலைத்தது. பொருளைச் சேர்த்துவைக்கும் இடம் என்ற பொதுக் கருத்து இவை அனைத்திலும் தெரிகிறது.

ஆடையோடும் அலங்காரத்தோடும் இச்சொல் இறுகப் பிணைந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பாரிசின் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்கள், அளவெடுத்துத் தைக்கும் தங்கள் நிலையங்களை ஒட்டி, ஆயத்த ஆடைகளும் நறுமணப் பொருள்களும் விற்கும் சிறு கடைகளைத் தொடங்கினார்கள்; எல்சா ஸ்கியாபரெல்லி 1935-இல் பிளாஸ் வாந்தோம் சதுக்கத்தில் திறந்த கடை அவற்றுள் ஒன்று. இலண்டனில் மேரி குவான்ட் 1955-இல் ‘பஜார்’ என்ற கடையைத் திறந்ததும், அதைத் தொடர்ந்து இளைஞர்களை நாடி எழுந்த கடைகளும் இச்சொல்லை ஆங்கிலத்தில் பரவலாக்கின. இங்கே கவனிக்க வேண்டியது விலையன்று. எதை விற்பது என்பதைக் கடைக்காரரே தம் ரசனைப்படி தேர்ந்தெடுத்து, குறைந்த அளவில் வைத்திருந்தார் என்பதுதான். 1980-களில் சிறிய, தனித்த வடிவமைப்புள்ள விடுதிகளுக்கு இப்பெயரை ஒட்டியபோதும் இதே கருத்தே முன்னின்றது. அளவிலும் தேர்விலும் எவ்விதத் தனித்தன்மையும் இல்லாத கடையை இச்சொல்லால் அழைப்பது வெறும் விளம்பரம். விளம்பரதாரர் அப்படி எழுதலாம், செய்தியாளர் எழுதலாகாது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் வேறொரு இடர் உண்டு. இலங்கை ஆங்கிலத்தில் நெடுங்காலமாக இச்சொல் கிராமத்துச் சாலையோரச் சிறுகடையைக் குறித்து வந்துள்ளது. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் உள்ளூர்ச் சிறுகடைக்கு வழங்கிய சொல்லாக இதைப் பதிவுசெய்து, போர்த்துகீசிய மொழியின் ‘புத்திகா’விலிருந்து வந்ததாகக் கூறுகிறது. ஆகவே அக்காலப் பயணக் குறிப்பிலோ நீதிமன்ற ஆவணத்திலோ இச்சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர் அதை ‘நாகரிக ஆடையகம்’ என்று எழுதினால், அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்க வந்த ஏழை உழவர் துணிக்கடையில் நிற்பதாக ஆகிவிடும். அங்கே ‘சிறுகடை’ அல்லது ‘பெட்டிக்கடை’ என்பதே பொருந்தும். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துப் ‘பெட்டிக்கடை’யிலிருந்தே பிரெஞ்சுச் சொல் பிறந்தது என்று சிலர் சொல்வதுண்டு; மேலே சொன்ன கிரேக்க வேர் தெளிவாக இருக்கையில் அதை ஏற்க இயலாது.

தாங்கள் இரண்டு செயல்களைச் செய்ய வேண்டுகிறேன். முதலாவது, மூல ஒலியில் முதல் உயிர் உகரமே என்பதால், ‘பொட்டிக்’ என்ற வடிவத்தை விலக்கிப் ‘பூட்டிக்’ என்பதையே தங்கள் பக்கங்கள் அனைத்திலும் கையாளுதல். இரண்டாவது, கடையின் பெயரிலேயே அச்சொல் இருந்தாலன்றி, செய்திகளில் ‘ஆடையகம்’, ‘தையலகம்’, ‘சிறுகடை’ என விற்பனையின் தன்மைக்கு ஏற்ற சொல்லை எழுதுமாறு உதவி ஆசிரியர்களுக்கு அறிவுறுத்துதல்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்