லாங் பஜாரில் வண்டி நிறுத்த மாநகராட்சிப் பணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் லாங் பஜார், மண்டித் தெரு பக்கம் கார் நிறுத்த இடமில்லை, மாநகராட்சி அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டித் தர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இடமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பொதுப்பணத்தை அதில் போடக் கூடாது.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் போதும். அதையே மாடியில் நிறுத்தினால் ஏறுதளம், தூண், வண்டி திரும்பும் பாதை எல்லாம் சேர்ந்து 30 சதுர மீட்டர் ஆகிவிடும். ஒரு காருக்கான இடத்துக்கு 5 லட்சம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத வட்டி மட்டுமே ஆண்டுக்கு 40,000. நாளைக்கு ஏறத்தாழ 110 ரூபாய். காவலாள், விளக்கு, பராமரிப்பு தனி. கீழே தெருவில் காசில்லாமல் நிறுத்த முடியும்வரை அந்தப் பணத்தைக் கொடுத்து யாரும் மாடி ஏற மாட்டார்கள். துண்டு விழுவதைக் கார் இல்லாதவரின் வீட்டு வரிதான் ஈடுகட்டும். இயந்திரத்தில் ஏற்றி இறக்கும் வகை இன்னும் மோசம்: ஒரு காருக்கு 2 நிமிடம் என்றாலும், 10 கார் சேர்ந்து வந்தால் கடைசிக் கார் தன் முறை வர 18 நிமிடம் சாலையை அடைத்து நிற்கும்.

கடைக்காரர்கள், ஊழியர்களின் வண்டிகள் கடை வாசலிலேயே நாள் முழுதும் நிற்பதுதான் நெரிசலின் வேர். காலை 9 முதல் இரவு 9 வரை ஒரே கார் நிற்கும் இடத்தில், ஒன்றரை மணி நேரம் தங்கும் 8 வாடிக்கையாளர்கள் வந்து போகலாம். ஆகவே முதல் மணி நேரத்துக்குக் குறைந்த கட்டணம், அதன்பின் மணிக்கு மணி ஏற வேண்டும். 2006ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் நிலத்தின் மதிப்புக்கேற்ற கட்டணத்தையே சொல்கிறது. வசூலை ஆண்டுக் குத்தகைக்கு விட்டால் இது நடக்காது. மொத்தத் தொகையைக் கட்டிவிட்ட குத்தகைதாரருக்கு நாள் முழுதும் நிற்கும் வண்டியைக் கிளப்ப எந்த அவசியமும் இல்லை. நேரம் அச்சான ரசீது, கண்ணில் படும் கட்டணப் பலகை, மாநகராட்சிக்கே நேராகச் சேரும் வசூல், இந்த மூன்றும் வேண்டும்.

பஜாருக்கு வருவோரில் பலர் டூவீலரில் வருகிறார்கள். சாலையோரம் ஒரு கார் பிடிக்கும் 5 மீட்டரில் 5 டூவீலர்களைக் குறுக்காக நிறுத்தலாம். கோடு போட பெயிண்ட் செலவுதான்.

சி.எம்.சி. மருத்துவமனை எதிரே ஐடா ஸ்கடர் சாலையின் தேவை வேறு. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகள் காட்பாடியில் ரயில் இறங்கி, பக்கத்து லாட்ஜ்களில் தங்கி, கையில் ஃபைலோடு நடந்தே போகிறார்கள். பணம் செலவழிக்க வேண்டிய இடம் அவர்கள் கால் வைக்கும் நடைபாதை: தடையில்லாத 1.8 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத உயரம், சக்கர நாற்காலி ஏற 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சரிவு.

அடுக்குமாடிக்கு டெண்டர் விடும் முன், மாநகராட்சி லாங் பஜாரில் ஒரு வாரம் அரை மணிக்கு ஒருமுறை நிற்கும் வண்டிகளின் எண்களைக் குறிக்கட்டும். நாலு ஆளும் நாலு நோட்டும் போதும். எந்த வண்டி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை மக்கள் பார்வைக்கு வைத்த பிறகு கட்டடத்தைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.